மணமேடையில் படுத்திருந்த ஆறு

திருப்பதியில், மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர். மேனேஜர் என்பது பெயருக்கு. உண்மையான வேலை வேறு. பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சண்டைக்கு வந்தால் நடுவில் நிற்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஆள் ஓட்ட வேண்டும். தாலி கட்டுகிற நேரத்திலும் மைக்கை விடாமல் வாழ்த்திக்கொண்டிருக்கும் சொந்தக்காரரிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டும். இந்த மண்டபத்தில் நான் பார்க்காத கூத்து இல்லை என்று நினைத்திருந்தேன். போன ஆடி மாதம் அந்த நினைப்பும் போயிற்று.

எங்கள் முதலாளி தெலுங்குக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் காலி ஹாலைப் பார்த்தால் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அவர்களுடைய ஆஷாடமும் நம்முடைய ஆடியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற வாரங்களில் தமிழருக்கும் முகூர்த்தம் கிடையாது, தெலுங்கருக்கும் கிடையாது. மண்டபத்தில் பல்லிகள் மட்டும் குடும்பம் நடத்தும். அந்தச் சமயம் பார்த்துப் பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்து, கண்காட்சி வைக்க இடம் கேட்டது. முதலாளி உடனே தலையாட்டிவிட்டார். என்னிடம், "ஆர்ட் எக்ஸிபிஷன்மா. நாலு படம், நாலு டிவி. பர்வாலேது" என்றார், பரவாயில்லை என்று. சுவரில் ஆணி அடிக்க விடக்கூடாது என்பதுதான் எனக்கு அப்போதிருந்த ஒரே கவலை.

அதற்குக் காரணம் உண்டு. ஆவணியில் அதே மண்டபத்தில் என் மகளுக்குக் கல்யாணம். முதலாளி தன் செலவாக ஹாலைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு ஏற்கெனவே ஓர் இடம் நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது. ஒருமுறை நின்றால் பையன் வீட்டைப் பற்றிப் பேசுவார்கள், இரண்டாவது முறையும் நின்றால் பெண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் லாரியோடு எந்த மாநிலத்தில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. எனவே இந்தக் கல்யாணத்தை முட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பிச்சாட்டூர் பக்கம். பையன் என் மகளைப்போலவே ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன், வாய் அதிகமில்லாதவன். அவன் வாயையும் சேர்த்து அவன் அம்மா வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்றே காப்பி ஆறிப்போயிற்று என்றார். பெண் கொஞ்சம் ஒல்லி என்றார். நிச்சயப் புடவையின் பார்டரை விரலால் தேய்த்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை. என் மகள் இந்த அம்மாவிடம் என்ன பாடு படப்போகிறாளோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. அவளோ, "மா, நா அந்தம்மாவயா கட்டிக்கப் போறேன்?" என்று சிரித்துவிட்டு ஷிப்டுக்குப் போவாள்.

கண்காட்சிச் சாமான்கள் இரண்டு லாரிகளில் வந்தன. அதில் ஒரு சட்டம் போட்ட படம்கூட இல்லை. எல்லாம் திரை, ஒயர், சென்சார். தலைவராக வந்தவர் தன்னைக் க்யூரேட்டர் என்று சொல்லிக்கொண்டார். கசங்குவதற்கென்றே நெய்த ஒரு சட்டை, உச்சியில் சின்னக் கொண்டை. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். தொழில்நுட்பமும் நிகழ்த்துகலையும் சேர்ந்து, வரப்போகிற காலத்தின் வெயிலையும் வறட்சியையும் மக்களுக்கு உணர்த்தப்போகின்றன என்றார். மே மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தால் ஒயர் இல்லாமலே உணரலாம் என்று நான் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். கிண்டலைக் குறித்துக்கொள்கிற மனிதரை என்ன செய்வது?

மணமகள் அறையை வெப்ப அறையாக்கினார்கள். உள்ளே ஹீட்டர் வைத்து, இன்னும் ஐம்பது வருஷம் கழித்து எப்படிச் சுடும் என்று காட்டினார்கள். கதவைத் திறந்து வெளியே வந்தால் ஹாலில் ஏசி குளிர் அடிக்கும். அந்தக் குளிருக்காகவே ஜனங்கள் வரிசையில் நின்று வெப்பத்துக்குள் போய்வந்தார்கள். மாப்பிள்ளை அறையில் ஒரு இரும்புக்கை சொட்டுச் சொட்டாக ஒரு செடிக்குத் தண்ணீர் விட்டது. கரண்ட் போனபோதெல்லாம் அந்தக் கை அந்தரத்தில் நின்றுவிடும். நான் ஜெனரேட்டரைப் போடச் சொல்ல வேண்டும். பூமியைக் காப்பாற்றுகிற அந்தக் கைக்காகப் பின்பக்கம் டீசல் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டே பிளாஸ்டிக்கைப் பற்றி வருத்தப்பட்டார்கள்.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டேன். மேடைக்கு அவர்கள் வந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கண்காட்சியின் முக்கியமான உருப்படியே மேடையில்தான் என்றார் க்யூரேட்டர். ஆரணியாறு செத்துப்போகிறதாம். ஆறாக ஒரு பெண் படுத்திருப்பாளாம். அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஒப்பாரி வைக்குமாம். ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் பாடிய ஒப்பாரிகளை ஒலிப்பதிவு செய்து கம்ப்யூட்டருக்குப் புகட்டியிருக்கிறார்கள். அது எல்லாவற்றையும் கலந்து தானாகவே புதிதாக அழும். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி வைக்கக் கூடாது, அதுவும் தாலி கட்டுகிற மேடையில் கூடவே கூடாது என்று நான் மறித்து நின்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்தத் தடையை உடைப்பதுதான் கலையின் வேலை என்றார். உடைக்கிறதாக இருந்தால் உங்கள் வீட்டுக் கல்யாண மேடையில் உடையுங்கள் என்றேன். முதலாளிக்குப் போன் செய்தேன். கண்காட்சி முடிந்ததும் ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியாகவாசனம் செய்துவிடலாம், பர்வாலேதம்மா என்றார். அவருக்கு எல்லாமே பர்வாலேதுதான். மண்டபம் இடிந்து விழுந்தாலும் இடம் காலியாயிற்று, பர்வாலேது என்பார்.

ஆறாகப் படுக்க வந்த பெண் சென்னைக்காரி. நல்ல பெண். நான் கொடுத்த உப்புமாவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஒல்லியாக, என் மகள் உயரமே இருந்தாள். முகத்திலும் கையிலும் களிமண்ணைப் பூசிக் காயவைத்துக்கொண்டாள், வெடித்த ஆற்றுப்படுகையாம். மேலே வெள்ளைத்துணி. எங்கே படித்தார்களோ, ஒன்றுவிடாமல் செய்திருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, ஊதுவத்தி, தெற்கே தலை, சேர்த்துக் கட்டிய கால் கட்டைவிரல்கள். கீழே புகை மெஷின் ஒன்று வெண்மையாகக் கக்கியது. ஸ்பீக்கரில் அந்தக் குரல் எழும்பியது. அது எந்த மனுஷியின் குரலும் இல்லை. மூச்சு வாங்காமல் அழுதது. மூக்கு உறிஞ்சாமல் அழுதது. பதிவு செய்த பாட்டுகளில் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன ஒரு பெண்ணுக்கான ஒப்பாரியும் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது போலும். மாலை வாடிப்போயிற்று, மேளம் திரும்பிப்போயிற்று என்று அதையே சுற்றிச் சுற்றிப் பாடியது.

மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பார்க்க வருவதாக இருந்தது கண்காட்சி முடிந்த பிறகு. ஆனால் அவர்கள் அந்த வாரமே மலைக்கு வந்துவிட்டார்கள். இலவசச் சர்வ தரிசனம், வரிசைக்காரர்களை அடைத்துவைக்கிற கம்பார்ட்மெண்டில் ஒரு நாளாவது உட்கார வேண்டியிருக்கும், திரும்பும்போது நேரமிருந்தால் எட்டிப் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலையில் வரிசை எப்போது நகரும் என்பது பெருமாளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அன்றைக்குப் பார்த்து அவர்களைக் கூப்பிட்டு உடனே அனுப்பிவைத்துவிட்டார். மதியமே அலிபிரியில் இறங்கிவிட்டார்கள். வருவதற்கு முன்னால் அந்த அம்மா என் மகளுக்குப் போன் போட்டிருக்கிறார். ஸ்ரீசிட்டி கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது சுவிட்ச் ஆஃப் என்று சொல்லியிருக்கிறது. எனக்கும் போட்டிருக்கிறார். நான் புகை மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது அளவுக்குமேல் கக்கி, காலையிலிருந்து என் கண் ரெண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தலையும் கலைந்து கிடந்தது.

அந்தக் கோலத்தில் நான் மேடை ஓரமாக நிற்கும்போதுதான் அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் சம்பந்தியம்மா. பின்னால் புதிதாக மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, கையில் லட்டுக் கவரோடு அவர் வீட்டுக்காரர். நான் அவர்களைப் பார்த்த நொடியில் சம்பந்தியம்மா என்னையும் பார்த்தார், மேடையையும் பார்த்தார். ஸ்பீக்கர், மேளம் திரும்பிப்போயிற்று என்று அழுதுகொண்டிருந்தது.

நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் பார்வையாளர்களைத் தள்ளிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். கட்டியிருந்த கால்களைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

"எங்கண்ணு, உனுக்கு இன்னா ஆச்சு? உனுக்குப் போடறதுக்குன்னு எங்கம்மா கம்மல அழிச்சி பண்ணி வச்சிக்கிறனே. இனிமே அத யாருக்கும்மா நான் போடுவேன்?"

ஸ்பீக்கரின் குரல் அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, இது அவள் இல்லை, நாடகம் என்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, முதுகில் அடித்துக்கொண்டு அழுதார். பெண் பார்த்த அன்றைக்கு என் மகள் சிரித்துக் கும்பிட்டது, பிச்சாட்டூர் ஏரிக்கரையில் புது வீட்டுக்கு அவளுக்குப் பிடித்த நிறத்தில் பெயின்ட் அடித்தது, எல்லாம் அந்த அழுகையில் வந்தது. எங்களுக்கு ஒன்றுமே தெரியாது, பெயின்ட் விஷயம். பிறகு அவர் திரும்பி, முந்தானையால் அந்த முகத்தில் இருந்த மண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து வேறொரு முகம் வந்தது. அது கண்ணைத் திறந்து இவரைப் பார்த்து அழுதது.

சம்பந்தியம்மா கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எம்மருமவ எங்க?" என்றார். வேலைக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்றேன். அதுவரைக்கும் அவர் என் மகளை மருமகள் என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

அப்போது ஹாலில் கைதட்டல் எழுந்தது. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அழுத அம்மா, மொட்டைத்தலையோடு திகைத்து நின்ற அவர் வீட்டுக்காரர், கலைந்த தலையோடு நான், மூவரும் அந்த நாடகத்தில் நடிக்கிறவர்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். ஒருத்தர் அவருடைய மொட்டையைப் படம் எடுத்தார். திருப்பதியில் நின்றுகொண்டு மொட்டைத்தலையை அதிசயமாகப் படம் எடுத்த மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். க்யூரேட்டர் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கொண்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரர் மனைவியைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார். கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் இருவரும் காலைக் கழுவினார்கள், தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார்கள். நான் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்டேன், உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர்கள் ஆட்டோவில் ஏறினார்கள். போய்வருகிறோம் என்று சொல்லவில்லை.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மறுபடியும் வரும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லாமலே போவதுதான் முறை. இவர்கள் அந்த முறைக்காகச் சொல்லவில்லையா, அல்லது இனிமேல் வரவே போவதில்லை என்று சொல்லவில்லையா? லட்டுக் கவர் மேடையிலேயே கிடந்தது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிக்காமல் வைத்தேன். மகளிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். கம்மல் விஷயம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெயின்ட் என்ன நிறம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அதற்கப்புறம் போன் வரவில்லை. நான் போட்டால் மாப்பிள்ளைதான் எடுத்தான். அம்மா படுத்துக்கினே இக்குது, யார்கிட்டயும் பேசல என்றான். கல்யாணத்தைப் பற்றிக் கேட்காமலே போனை வைத்தேன். பத்திரிகை அச்சாகி வந்து கட்டுக்கட்டாக இருந்தது. அதில் மண்டபத்தின் பெயர் கண்ணில் படாமல் இருக்க மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன். முதலாளி மட்டும் வழக்கம்போலத் தைரியம் சொன்னார்.

கண்காட்சியின் கடைசி நாள் காலை நான் ஹாலுக்குள் நுழைந்தால், வாசலுக்கு நேரே பெரிய திரையில் சம்பந்தியம்மா அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர்கள் எடுத்த வீடியோ, சத்தம் இல்லாமல், மெதுவாக ஓடவிட்டு, முகம் சுவர் அளவுக்குப் பெரிதாக. கீழே ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். செத்துக்கொண்டிருக்கும் தன் ஆற்றுக்காக அழும் உள்ளூர்ப் பெண், என்று. தமிழில் அழுத பெண்ணைப் பற்றித் தமிழில் எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. எழுதியிருந்தாலும் பொய்யைத்தான் எழுதியிருப்பார்கள்.

நான் பேச்சுவார்த்தை நடத்தவில்லை. சுவரோரம் போய், கையில் அகப்பட்ட ஒயர்களையெல்லாம் பிடுங்கினேன். திரை அணைந்தது. அதோடு மாப்பிள்ளை அறையில் அந்த இரும்புக்கையும் நின்றது. க்யூரேட்டர் ஓடிவந்தார். நான் சொன்னேன், "அந்தம்மா உங்க ஆத்துக்காக அழல. எம் பொண்ணு செத்துட்டான்னு நினைச்சி அழுதாங்க." அவர் கண்ணை மூடாமல் என்னைப் பார்த்தார். அவருக்கு உறைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு தாழ்ந்த குரலில், இந்தக் கதையை நான் ஒலிப்பதிவுக்காக மறுபடியும் ஒருமுறை சொல்ல முடியுமா என்று கேட்டார். அடுத்த கண்காட்சிக்கு ஆகுமாம்.

ஆறாகப் படுத்த பெண் மட்டும் போகும்போது என்னிடம் வந்து அழுதாள். அந்தம்மா முகத்தைத் துடைத்தபோது தன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்றாள். உப்புமா கொடுத்து அனுப்பினேன்.

ஹாலைக் காலி செய்து, ஐயர் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன மறுநாள் அது. நான் வீட்டில்தான் இருந்தேன். மகளுக்கு அன்று விடுமுறை, வாசலில் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா தனியாக வந்தார். தெருவிலேயே நின்று அவளையே பார்த்தார். உள்ளே வாருங்கள் என்றதற்கும் அசையவில்லை. அவளிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்ததை முழுக்கக் குடித்தார். குடித்தபிறகுதான் படியேறினார்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். வேறு மண்டபம் பார்க்கிறேன், மலைமேலே வைத்துக்கொள்ளலாம், உங்கள் ஊரிலேயே பந்தல் போட்டாலும் சம்மதம் என்று கொட்டினேன். அவர் காதில் வாங்காமல் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, அந்தக் கம்மலை எடுத்தார். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, காதில் இருந்ததைக் கழற்றி இதைப் போட்டார். திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. போட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேற எடம்லாம் வாணா அண்ணி. அதே மேடையிலதான் கல்யாணம். தூங்கனா இவ அங்க படுத்துக்கினு இக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியுது. அந்த எடத்துல இவ மாலையோட உக்காந்துக்கினு இக்கிறத நான் பாக்கணும். அப்பதான் அது போவும்."

நான் வாய்விட்டு அழுதேன். என் மகள்தான், வீட்டுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஊதா என்றார் அந்த அம்மா. நிச்சயத்தன்று ஊதாப் புடவை கட்டியிருந்தாளே, அதைப் பார்த்து அடித்தார்களாம். பார்டரை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்த அதே புடவை.

அன்றைக்கு நான் காப்பியைச் சுடச்சுடக் கொடுத்தேன். அப்படியும் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். பிரிக்காமல் வைத்திருந்த லட்டைப் பிரித்து மூன்று பேரும் தின்றோம், காய்ந்துபோயிருந்தது. வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன் அண்ணி" என்றார். வாங்க என்றேன். தெருமுனை வரைக்கும் போனவர் நின்று, திரும்பி, என் மகளைப் பார்த்துச் சத்தமாக இன்னொரு தடவையும் சொன்னார், போயிட்டு வர்றேன் என்று. நல்லவேளை, கேமராவை வைத்துக்கொண்டு அங்கே யாரும் நிற்கவில்லை.